காத்துக்கு நல்ல ஜன்னல்

தமிழாசிரியரைத் தனியாகக் கடைக்கு அனுப்பக் கூடாது. இதை ஒரு தமிழாசிரியனாகவே சொல்கிறேன். வகுப்பில் பேசிப் பேசி, நாம் வாயைத் திறந்தாலே எல்லாருக்கும் புரிந்துவிடும் என்றொரு திமிர் எங்களுக்கு வந்துவிடுகிறது. (என் மனைவி கவிதா இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.)

ஆறு வருடத்துக்கு முன்பு காரைக்குடிக்கு வெளியே, பிள்ளையார்பட்டி போகிற வழியில் வீடு கட்டினோம். சுற்றிலும் பொட்டல். கவிதாவின் அம்மாவுக்கு வேதாரண்யம். அங்கே ஒரு புயலில் கதவு பிய்த்துக்கொண்டு போய், பின்னாலேயே கூரையும் போய்விட்டது. அதற்கப்புறம் தனியாக ஒரு வாடகை அறையில் இருந்தார். காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கை நடுங்கும். எங்களோடு வந்துவிடச் சொல்லி கவிதா கெஞ்சாத நாள் இல்லை. கடைசியில் அத்தை இறங்கி வந்தார்.

"காத்தடிச்சா அசையாத கதவும் ஜன்னலும் போடுங்க. பத்து நாள் இருந்து பாக்குறேன். பயமில்லன்னா தங்குறேன்."

"அம்மா வர்றதும் வராததும் இதுலதான் இருக்கு. நானும் கடைக்கு வர்றேன்," என்றாள் கவிதா.

"ஒரு ஜன்னல் வாங்கத் தெரியாதா எனக்கு?" என்று நான் மட்டும் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் தங்கமான மனிதர். காபி வரவழைத்துக் கொடுத்து, "என்ன மாதிரி பாக்குறீக சார்?" என்றார்.

"காத்துக்கு நல்ல ஜன்னலா, கதவா வேணும். காத்துதான் முக்கியம். செலவைப் பாக்காதீக."

"அம்புட்டுத்தானே? எங்கிட்ட விட்டுருங்க."

நீங்களே யோசித்துப் பாருங்கள். சிவகங்கைச் சீமையில், சித்திரை வெயிலில், ஒருவன் வந்து காத்துக்கு நல்ல ஜன்னல் கேட்டால் என்ன அர்த்தம்? புழுக்கம் தாங்கவில்லை என்று அர்த்தம். புயலுக்குப் பயந்து இந்த ஊரில் யார் ஜன்னல் வாங்குகிறார்கள்? 'கு' என்கிற வேற்றுமை உருபு பகையையும் காட்டும், நட்பையும் காட்டும் என்று பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். பகைக்கு நான் சொன்ன 'கு'வை அந்த மனிதர் நட்புக்கு எடுத்துக்கொண்டார்.

ஜன்னல்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் மாட்டுவண்டி நுழைகிற அகலம். வாசலுக்கு மெல்லிசாக இரட்டைக் கதவு. நேர் எதிரே கொல்லைப்பக்கம் அதேபோல் இன்னொன்று. இரண்டுக்கும் சுண்டுவிரல் நீளத்தில் ஆளுக்கொரு தாழ்ப்பாள். கடைக்காரர் எதைப் புரிந்துகொண்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் கவிதா முகத்தைப் பார்த்ததும், "புது டெக்னாலஜி. காத்துக்கு வளைஞ்சு குடுக்கும்," என்று அடித்துவிட்டேன்.

அத்தை ஒரே ஒரு பையோடு வந்தார். வந்ததும் வாசல் கதவைத்தான் தட்டிப் பார்த்தார்.

"உள்பக்கமா திறக்குதே மாப்ள. காத்து தள்ளுனா தாழ்ப்பாள்தானே தாங்கணும்? வெளிப்பக்கமா திறக்குற கதவுன்னா, அடிக்க அடிக்க நிலையோட இறுகிக்கும்."

"அதெல்லாம் பழைய முறை அத்தை," என்றேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டிய இடம் அது.

ஒன்பதாம் நாள் மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருமே ஒரு சுழற்றல், அதுதான். முதல் அடியிலேயே ஜன்னல்கள் படார் படார் என்று திறந்துகொண்டன. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் கட்டோடு எழுந்து பொட்டலைப் பார்க்கப் போயின. (எல்லாருக்கும் பாஸ் போட்டேன். வேறென்ன செய்வது?) வாசல் தாழ்ப்பாள் திருகாணியோடு தெறித்து விழுந்தது. ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, ஒரு கையால் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"காத்து உள்ள வருதுங்க."

"வருதா சார்?" அவர் குரலில் அப்படியொரு பூரிப்பு. "வேற கடையில வாங்கியிருந்தீகன்னா இம்புட்டு வராது."

அத்தை எங்காவது மூலையில் ஒடுங்கியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. கை வெடவெடவென்று நடுங்க, அந்தக் கையாலேயே சாப்பாட்டு மேசையை இழுத்துக் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பினால் நான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் வழுக்கி, கதவோடு சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தேன்.

"கவிதா, மாப்பிள்ளையை நல்லா சாத்து. இன்னும் இறுக்கிச் சாத்து. விடாதே," என்று கத்தினார்.

கவிதா இரண்டு கையாலும் என் நெஞ்சைப் பிடித்துக் கதவோடு தள்ளினாள். கைப்பிடி முதுகில் குத்தியது. "ஐயோ, முதுகு போச்சே" என்று நான் அலறிய அலறல் மழையையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

அரைமணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. அத்தை பையை எடுத்தார். கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தப்பு என்னுதுதான் அத்தை. உங்களை ஏமாத்திட்டேன்."

"ஊருக்குப் போயி மிச்ச சாமானை எடுத்துட்டு வந்துடுறேன்," என்றார் அவர். "அன்னிக்கு அங்க நான் ஒத்தையாளா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்கு மூணு பேரு நின்னோம்ல." அப்புறம் என்னைப் பார்த்து, "கதவை மாத்திருங்க. கடைக்குக் கவிதா போகட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஷமும் வந்தது, அது வேறு.

மறுநாள் காலை பக்கத்து மனைக்காரர் அழகப்பண்ணன் வந்தார். முந்தின நாள் மழைக்கு எங்கள் வாசலில்தான் ஒதுங்கியிருந்தாராம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என் கையில் ஒரு தைல பாட்டிலைத் திணித்தார்.

"சார், நான் வெளிய மூச்சு விடமாட்டேன். ஆனா அம்மாவும் மகளும் சேர்ந்து இப்படிப் போட்டுச் சாத்துற அளவுக்கு என்ன பண்ணுனீக?"

சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பட்டி வரைக்கும் தெரிந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டுக் கதவுகள் கெட்டியானவை, வெளிப்பக்கம் திறப்பவை, மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்தவை. எந்தக் காற்றுக்கும் அசைவதில்லை. ஆனாலும் வானம் லேசாக இருட்டினால் போதும், கவிதா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, இவரைச் சாத்திரவா?"

"பாவம், சாப்புடட்டும்டி," என்பார் அத்தை. "அப்புறமா ரெண்டு பேருமாச் சாத்துவோம்."