மலைக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி

சீன ஓவியக் கலையை நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த இரண்டு புத்தகங்களை வைத்து ஒரே வாரத்தில் கற்றுத் தேர்ந்தவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓர் ஓவியத்தில் பங்களிப்பும் செய்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் பிளசன்டன் என்ற அமெரிக்க ஊரில் இருந்தோம். தரையில் போட்ட மெத்தை, ஊருக்குப் பேச காலிங் கார்டு, ஹீட்டரைப் போட்டால் இன்ஜினே இருமும் ஒரு பழைய கார். இப்போது நினைத்தால் அந்த இருமல்கூட இனிமையாகத்தான் இருக்கிறது. அப்போது கிரீன் கார்டைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அது வரும்வரை இந்தக் கம்பெனியை விட்டு நகரவும் முடியாது. கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் என் மேனேஜர் லின். தைவான்காரர், நல்ல மனிதர். எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி ஓவியர் என்று கேள்விப்பட்டிருந்தேன். படத்தைப் புகழ்ந்தால் கையெழுத்து தானாக விழும் என்று கணக்குப் போட்டுத்தான் நூலகத்துக்கு ஓடினேன். சீன ஓவியத்தில் காலியிடம் என்பது காலியிடம் அல்லவாம். பனியும் வானமும் அதுதானாம். அந்தக் காலத்து ரசிகர்கள், சக்கரவர்த்திகள் உள்பட, பிடித்த படத்தின் மேலேயே பாராட்டை எழுதிச் சிவப்பு முத்திரை குத்துவார்களாம். அது படத்துக்கு மரியாதையாம். இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது.

லிவர்மோர் கோயிலுக்குப் போய்விட்டு நேராக லின் வீட்டுக்குப் போனோம். "அங்க போய் ரொம்பப் பேசாதீங்க. சாப்பிட்டோமா, வந்தோமான்னு இருக்கணும்" என்று கீதா காரிலேயே எச்சரித்திருந்தாள். (கீதா என் மனைவி. அன்றும் இன்றும்.)

சாப்பிட்டு முடித்ததும் திருமதி லின் எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். நீள மேஜையில் ஒரு படம். கீழே மலை, மலையடியில் விரற்கடை அளவு படகு, மேலே பாதிக்கு மேல் வெறும் தாள். அடுத்த மாதக் கண்காட்சிக்காக வரைந்ததாம். நான் காலியிடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். லின் என்னை முதல்முறையாக மரியாதையுடன் பார்த்தார். கிரீன் கார்டின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது.

திருமதி லின் மகிழ்ந்துபோய்த் தூரிகையை மையில் தோய்த்து என்னிடம் நீட்டி, உங்கள் மொழியில் ஏதாவது எழுதுங்கள் என்றார். பழகுவதற்கென்று பக்கத்திலேயே ஒரு கட்டு வெள்ளைத்தாள் இருந்தது. சத்தியமாக அது என் கண்ணில் படவில்லை. என் கண்ணில் நான் ஒரு சக்கரவர்த்தி.

நேராக மலைக்கு மேலே கை வைத்தேன். எதை எழுதினாலும் முதலில் எதைப் போட வேண்டும் என்று கைக்குத் தெரியுமே. பெரிதாக ஓர் 'உ', அடியில் இரண்டு கோடு. அந்தத் தாள் மையைக் குடிக்கும் ஜாதி. என் பிள்ளையார் சுழி கண்ணெதிரே பெருத்துக்கொண்டே போயிற்று.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்றாள் கீதா.

பிறகு லின், அது என்ன என்று மெதுவாகக் கேட்டார். யானை முகக் கடவுளின் குறி, தடைகளையெல்லாம் நீக்கும் என்று விளக்கினேன். திருமதி லின் படத்தையே பார்த்துக்கொண்டு, இதுவரை தடை ஒன்றும் இருக்கவில்லையே என்றார்.

அந்த அம்மாள் பெரிய மனுஷி. சில நாளில் 'உ'வுக்கு இறக்கையும் கழுத்தும் வரைந்து அதை ஒரு வாத்தாக்கினார். இரண்டு கோடுகள் மேகமாயின. கண்காட்சியில் பார்த்தேன். மலையைவிட வாத்து சற்றே பெரிது.

ஆனால் அதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை காலை நான் ஆபீஸில் நுழைந்ததும் லின் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் பிள்ளையார் செயல், அதோடு அந்த மனிதரின் பெருந்தன்மை என்று வீட்டில் வந்து உருகினேன். இந்த இடத்தில் கீதா சொன்னதைத்தான் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறாள்.

"பெருந்தன்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கார்டு கைக்கு வந்தாத்தானே நீங்க வேற கம்பெனிக்குப் போவீங்க."