மூன்றாவது கியரின் பொறுப்பாளர்

மனிதகுலம் இதுவரை கண்ட கூட்டாட்சிகளில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால், நாடுகளின் பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வெள்ளைக் காரைச் சொன்னால் போதும். வெள்ளை என்பது வாங்கிய காலத்து நிறம். நாளடைவில் அது பாலிலிருந்து பால் ஊற்றிய தேநீராகிவிட்டது. அந்தக் காரில் ஸ்டியரிங் கணவரிடம் இருந்தது. கியர் மனைவியிடம் இருந்தது. இரண்டு அதிகார மையங்கள், ஒரே வண்டி, உடம்பில் ஒரு கீறல் இல்லை. எந்த அரசியல் சாசனம் இதைச் சாதித்திருக்கிறது?

இந்த ஏற்பாடு ஒரே நாளில் முளைத்ததல்ல. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வாங்கிய வண்டி அது. மகள் வளர்ந்து, கல்லூரிக்குப் போய், பெற்றோரைத் திருத்தும் பருவத்தை அடைந்தபோது வண்டிக்கும் வயதுக்குரிய உபாதைகள் வந்தன. மூன்றாவது கியர் நிற்க மறுத்தது. போட்டால் விழும். விழுந்த சற்று நேரத்தில் ‘டொக்’ என்று தானே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டி வேகம் இழக்கும். இஞ்சின் மட்டும், வேலை செய்யாதவன் கூட்டத்தில் சத்தம் போடுவதுபோல், அலறும்.

குடும்பத்தலைவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பிரிவு மேலாளர். அந்த அலுவலகத்தில் மின்விசிறி நின்றுபோனால்கூட முதலில் கூட்டம் போட்டு, காற்றின் அவசியத்தை விவாதித்து, அதன் பிறகே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அந்த மரபில் வந்தவர் ஆதலால், அவர் முதலில் ‘நிபுணர் கருத்து’ கேட்டார்.

நிபுணர் என்பது தெருமுனை மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை வண்டியின்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் அவருக்கு ‘ஸ்டெதஸ்கோப்’ என்று பட்டப்பெயர். அன்றும் கண்ணை மூடினார். அவர் தூங்கிவிட்டாரோ என்று மனைவி கவலைப்படத் தொடங்கிய நேரத்தில் திறந்தார்.

“கியர் பாக்ஸ்தான் சார். தொறந்தா உள்ள இருந்து என்னென்ன கெளம்பும்னு எனக்கே தெரியாது. தொறக்காத வரைக்கும் அது நல்ல பாக்ஸ்.”

தலைவர் மெய்ம்மறந்து நின்றார். அவர் அலுவலகம் இத்தனை ஆண்டுகளாக எந்தத் தத்துவத்தில் இயங்கிவருகிறதோ, அதை ஒருவர் கையில் கிரீஸோடு சொல்லி அன்றுதான் கேட்டார்.

கொஞ்ச காலம் அவரே ஒரு கையால் மூன்றாவது கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டியைத் திருப்பினார். தோள்பட்டை வலி வந்தது. அப்போதுதான் அலுவலகத்தில் ‘பொறுப்புப் பகிர்வு’ என்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. வண்ண வண்ணக் காகிதங்களைச் சுவரில் ஒட்டி, பெரியவர்கள் எல்லாரும் கைதட்டிவிட்டு வந்தார்கள். அங்கே பெற்ற ஒளியில் அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மனைவி சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்றே அவள் மூன்றாவது கியரின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டாள்.

அவளுக்குத் தொழில் ரத்தம் எடுப்பது. பரிசோதனைக்கூடத்தில், குழந்தையின் கொழுத்த கையிலும் முதியவரின் வற்றிய கையிலும் ஒளிந்துகொண்டிருக்கும் நரம்பை விரல்நுனியால் தடவிப் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கண்ணுக்கு முன்னால் நிற்கும் கியர் ஒரு பொருட்டா? மூன்றைப் பிடித்துக்கொள்ளப் போனவள் மூன்றைப் போடவும் தொடங்கினாள். பிறகு, நடுவில் கை மாற்றுவது குழப்பமாக இருக்கிறது என்று தலைவர் மற்ற கியர்களையும் பெருந்தன்மையோடு ஒப்படைத்தார். அவர் கிளச்சை மிதித்து “ரெண்டு” என்பார்; இரண்டு விழும். “மூணு போடு” என்பார். மூன்று விழுந்து, அவள் பிடியில் நிற்கும்.

போகப் போக எண்கள்கூடத் தேவைப்படவில்லை. இஞ்சினின் தொண்டை மாறுவது அவளுக்குக் கேட்டுவிடும். பேச்சுவார்த்தை முறிந்த நாட்களிலும் கூட்டாட்சி முறியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவள் முதலாவதிலிருந்து கடைசிவரை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அவருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. இடக்கை மடியில் ஓய்வெடுக்க, அவர் உலக நடப்புகளைப் பேசிக்கொண்டு வருவார்.

விருந்துகளில் அவர் தம் இடக்கையை நீட்டிச் சொல்வார்: “எத்தனை வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா? எல்லாம் கியரை எப்படிக் கையாளுறோம்ங்கறதுல இருக்கு.” உறவினர் தலையாட்டுவார்கள். அவளும் தலையாட்டுவாள். அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? இன்றைக்கு ஆட்சேபம் சொல்ல அவர் உயிரோடு இல்லை. ஆகவே அவர் புகழைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே மரியாதை.

இப்படி இருக்கையில், பரிசோதனைக்கூடத்தின் உரிமையாளரான டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார். நகரத்துக்கு வெளியே புதிய கிளை திறக்கிறார்கள். அதன் பொறுப்பை அவள்தான் ஏற்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இத்தனை காலமும் அவள் எடுத்த ரத்தத்துக்கு வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். இனி அவளே கையெழுத்துப் போடலாம். அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை, உட்கார மறந்துவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். வெறும் வயிற்றோடு வருபவர்கள் விடிவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

“நானே வண்டியை எடுத்துட்டுப் போயிடுறேன்,” என்றாள். உரிமம் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு வாங்கியது. அலமாரியில் துணிகளுக்கு அடியில், வேலைக்கே போகாமல் ஓய்வுபெற்ற ஒருவரைப்போல் அது படுத்திருந்தது. அவ்வப்போது புதுப்பித்து மறுபடியும் படுக்க வைப்பாள்.

விஷயம் பெரிது என்பதால் வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூடியது. தலைவர் தலைமை தாங்கினார். அவருடைய தம்பி ‘தொழில்நுட்ப ஆலோசகராக’ வந்திருந்தார். அவரிடம் கார் கிடையாது. ஆனால் கைபேசியில் ‘பழைய கார் அபிமானிகள்’ என்ற குழுவில் இருந்தார். கியர் கழன்றால் லீவரை ரப்பர் பட்டையால் கட்டலாம், மெல்லிய இசை போடலாம், வண்டியோடு மனம்விட்டுப் பேசலாம் என்று அங்கே அறிஞர்கள் கூறியிருந்தார்கள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க,” என்று தம்பி தொடங்கினார். “ஸ்டியரிங்கை யார் வேணா திருப்பலாம். கியர்தான் கஷ்டம். அதுக்குன்னு ஒரு கை வேணும்.”

“கியர் நான்தானே தம்பி போடுறேன்?”

“நீங்க போடுறீங்க. போட வைக்கிறது அண்ணன்.”

மகள் சிரித்தாள். அப்படியானால் கிளச்சை மிதிப்பது மட்டும்தான் அப்பாவின் வேலையா என்று கேட்டாள். அந்தக் கேள்வி கூட்டப்பொருளில் இல்லை என்று தலைவர் நிராகரித்தார். பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடு சொன்னார்: “இங்க பாரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கியர் இருக்கிற நிலைமையில புதுக் கை பட்டா தாங்காது.”

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, கியர் பாக்ஸ் சரியாகும்வரை அவள் தனியாக வண்டியை எடுக்கக் கூடாது. இரண்டு, கியர் பாக்ஸைத் திறக்கக் கூடாது.

மாதம் தேய்ந்துகொண்டு வந்தது. டாக்டரம்மா பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்தினார். அவள் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையிலும் ஒரு கியர் கழன்றிருந்தது.

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். ரயில் நிலையத்திலிருந்து அவரைத் தம் சொந்த வண்டியிலேயே அழைத்துவருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி நகர வேண்டுமென்றால் மனைவியும் வந்தாக வேண்டும். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பரிசோதனைக்கூடத்தில் இறங்கிக்கொள்வதாக அவள் சொன்னாள். மிச்சம் கொஞ்ச தூரம்தான், தாமே சமாளித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். திட்டத்தில் ஓட்டையே இல்லை. அதிகாரிதான் வந்ததும் முன்கதவைத் திறந்தார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டுமாம்.

அவள் பின்னிருக்கைக்குப் போனாள். தலைவர் கிளச்சை மிதித்தார். இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, முதல் கியரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றது. அதிகாரி அதைப் பார்த்தார்.

“இது யாரு?”

“என் வீட்டுக்காரி சார்.”

“அது தெரியுது. இந்தக் கை?”

“பொறுப்புப் பகிர்வு சார்.”

அதிகாரி அந்தக் கையையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. இதைத்தான் அவர் ஒவ்வொரு கிளையிலும் தொண்டை வறளச் சொல்லிவருகிறாராம். ஒருவர் திசையைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் வேகத்தைப் பார்க்க வேண்டும். குழு என்றால் இதுவல்லவா குழு. இன்றைய உரையிலேயே இதைச் சேர்க்கப்போவதாகச் சொன்னார். குழுவின் மறுபாதி, இருக்கையின் விளிம்பு விலாவில் குத்த, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கியரையும் பிடித்துக்கொண்டிருந்தது.

பரிசோதனைக்கூடத்து வாசலில் அவள் இறங்கினாள். தலைவர் கண்ணாடியை இறக்கி, தாழ்ந்த குரலில், “ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயேன்,” என்றார்.

“வெறும் வயித்தோட உக்காந்திருக்காங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முதல் இரண்டு கியர்களைத் தலைவர் தட்டுத் தடுமாறிப் போட்டுவிட்டார். பெரிய சாலை வந்தது. அதிகாரி குழு மனப்பான்மையைப் பற்றிப் பேச, தலைவர் சாலையைப் பார்த்தபடி “ஆமா சார், ஆமா சார்” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இஞ்சினின் தொண்டை மாறியது. கால் தானாகக் கிளச்சை மிதித்தது. வாயும் தானாகத் திறந்தது.

“மூணு போடு.”

அதிகாரியை ஒருமையில் அழைத்தவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டிருந்தார்கள். ஆனால் அவர் கோபப்படவில்லை. கொள்கைக்காக வாழ்பவர் அவர். பொறுப்பு தம்மிடமும் பகிரப்பட்டுவிட்டது என்று நெகிழ்ந்து, இத்தனை ஆண்டு நிர்வாக அனுபவத்தையும் கைக்குக் கொண்டுவந்து, லீவரைப் பிடித்துத் தமக்குச் சரியென்று பட்ட திசையில் முழு பலத்தோடு தள்ளினார். அது ரிவர்ஸ். தலைவர் நம்பிக்கையோடு கிளச்சை விட்டார்.

ஒரு லாரி நிறைய இரும்புச் சாமான்களைப் படிக்கட்டில் கொட்டியதுபோல் சத்தம் வந்ததாகச் சொல்கிறார்கள். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. அதன்பின் லீவர், காலிப் பாத்திரத்தில் கரண்டி சுழல்வதுபோல், எந்தப் பக்கமும் போனது. எந்தக் கியரும் விழவில்லை. அதிகாரி வாடகைக் காரில் ஏறிப் போய் உரையாற்றினார். உரை சிறப்பாக இருந்தது. காரைப் பற்றிய பகுதி மட்டும் இல்லை.

அன்று மாலையே விசாரணைக் கூட்டம் கூடியது. அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் அதிகாரி. தலைவரையும் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் வந்தபோது அவர் கை கியர்மேல் படவே இல்லை என்பதற்கு அதிகாரியே சாட்சி. மிச்சம் இருந்தது ஒருத்தி. நெடுநேர ஆய்வுக்குப் பிறகு தம்பி முடிவை அறிவித்தார்: பொறுப்பில் இருந்தவர் நடுவழியில் இறங்கிப்போனதே பழுதுக்குக் காரணம்.

அவள் அழுவாள் என்றோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றோ எதிர்பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி தம்பி. தப்பு என்னோடதுதான். நான் இறங்கினதாலதான் வண்டி நின்னுச்சு. அப்படித்தானே?”

“ஆமா அண்ணி.”

“நான் இருந்த வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு.”

“அதத்தானே சொல்றோம்.”

“அப்போ இத்தனை வருஷமா ஓட்டினது யாரு?”

தம்பி கைபேசியை எடுத்து அபிமானிகள் குழுவைத் திறந்தார். அங்கேயும் யாரும் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் கூரையைப் பார்த்தார், தம் இடக்கையைப் பார்த்தார், கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வண்டிச் சாவி மேசைமேல் கிடந்தது. அவர் மறந்து வைத்தாரா, வைத்துவிட்டு மறந்ததாகக் காட்டிக்கொண்டாரா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் போய், சம்மதம் என்றாள்.

‘ஸ்டெதஸ்கோப்’ இம்முறை கண்ணை மூடவில்லை. “தொறக்கணும்னு நான் அப்பவே சொன்னேனே,” என்று வருத்தப்பட்டார். உயிரை விட்ட இன்னொரு காரிலிருந்து அதே ரகக் கியர் பாக்ஸைக் கழற்றி இதில் மாட்டினார். மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நின்றது. யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

புதிய கிளை திறந்த அன்று, வெளிச்சம் வருவதற்கு முன்னால் அவள் வண்டியை வெளியே எடுத்தாள். தலைவர் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து கேட்டைத் திறந்துவிட்டு, ஜன்னல் அருகே குனிந்தார்.

“மூணுல போடுறப்போ கொஞ்சம்...”

“எனக்குத் தெரியும்ங்க.”

“தெரியும்னு தெரியும்,” என்றார் அவர். சொல்லிவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார் என்று மகள் பின்னால் சொன்னாள்.

புதிய கூடத்து வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர், அவள் வண்டியை இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் நிறுத்தியதைப் பார்த்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டபடி, “அருமையா ஓட்டுறீங்களேம்மா. யாரு கத்துக் குடுத்தது?” என்று கேட்டார்.

அவள் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரல்நுனியால் நரம்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுக்காரர்தான் ஐயா. அவர மாதிரி பொறுமைசாலி உலகத்துலயே கிடையாது. இத்தனை வருஷமும் நான் வண்டி ஓட்டுறப்போ, பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்கிட்டே வந்தாரு.”