மோகனமாகிப்போன சங்கராபரணம்

பாட்டின் மூன்றாவது வரியில் பியானோவின் 'நி' கட்டை உள்ளே போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

வாசித்துக்கொண்டிருந்தவர் சங்கதி. எந்தப் பழைய கீர்த்தனையைக் கொடுத்தாலும் தன் இஷ்டத்துக்குச் சங்கதிகள் சேர்த்து இழுத்து வாசிப்பதால் நண்பர்கள் வைத்த பெயர் அது. ஆறு மாதமாக வேலையில்லாமல் மச்சான் வீட்டில்தான் ஜாகை. இன்று இந்த ஓட்டல் வரவேற்பறையில் வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் வேலை, தேறாவிட்டால் மறுபடியும் மச்சான் முகம்.

மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "பெரிய முதலாளி கூட்டத்தோட கூட்டமா உக்காந்து கேப்பாரு. பழைய பாட்டுல கைவச்சா அவருக்குப் பிடிக்காது. உங்க கற்பனையெல்லாம் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

எதிர் சோபாவில் கறுப்புக் கோட்டும் தங்கக் கண்ணாடியுமாக ஒருவர் பியானோவையே முறைத்துக்கொண்டிருந்தார். இவரேதான்! வேறு யார் இத்தனை தோரணையாக உட்காரப்போகிறார்கள்?

சங்கதி 'நி'யைத் தாண்டித் தாண்டி வாசித்தார். தாண்டிய இடமெல்லாம் பொத்தலாகத் தெரிந்தது. அதை மூட, சொந்தமாக நாலு சுரம் சேர்த்து வேகமாக உருட்டினார். அந்த வேகத்தில் 'ம'வும் படுத்துவிட்டது.

கசங்கிய சட்டையும் துணிப்பையுமாக ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, நி போச்சு, இப்ப மவும் போச்சு. சங்கராபரணம் மோகனமா ஆயிடுச்சே?"

"ஏன்யா, ரிப்பேர்காரனா? வர்ற நேரமா இது?" சங்கதி பல்லைக் கடித்தார். "முதலாளி கேட்டுக்கிட்டிருக்காரு. வாயை மூடிக்கிட்டு அந்த ஓரமா உக்காரு!"

பைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

இனி மறைக்க வழியில்லை. மிச்சம் ஐந்து சுரம்தான்; சரி, மோகனமென்றால் மோகனம். சங்கதி துணிந்து இறங்கிவிட்டார். பாட்டைக் குப்புறப் போட்டார், நிமிர்த்தினார், தலைகீழாக நடக்க வைத்தார். கோட்டுக்காரர் மெல்ல எழுந்து வந்து, பியானோவின் மேல் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். தலையை வேறு ஆட்டினார்.

'ஆஹா, மனுஷன் சொக்கிட்டாரு!' சங்கதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் இன்னும் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார்.

ஒருவழியாக எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோட்டுக்காரர் முன்னால் கைகூப்பி நின்றார். "ஐயா, என் வாசிப்பு எப்படி?"

"பாட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க." கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிச் சோபாவில் போட்டுவிட்டு, அதன் பைக்குள்ளிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "கட்டைங்க ரெண்டு நாளா மக்கர் பண்ணுதுன்னு வரச் சொன்னாங்க, நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். வாசிப்பு எப்படின்னு, வாயை மூடச் சொல்லி ஓரமா உக்கார வச்சீங்களே, அந்தப் பெரிய முதலாளியைக் கேளுங்க."