மொட்டை மாடியில் எட்டாவது துணி

அன்பு மைத்துனனும் பேய்ப்பட இயக்குநருமான தம்பிக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, உன் அக்காவின் முழங்கால் வலி மூவரும் நலம். அங்கே நீயும் நீ வளர்க்கும் பேய்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் நீ தொலைபேசியில் பேசியபோது உன் குரலே சரியில்லை. படம் வெளிவருவதற்கு முன்னால் தயாரிப்பாளர் அதை நாற்பது வயதைத் தாண்டிய பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டியதாகவும், ஆறு பேர் சிரித்ததாகவும், மூன்று பேர் கைப்பேசி பார்த்ததாகவும், ஒருவர் ஏசி அதிகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதாகவும் வருத்தப்பட்டாய். “பெரியவங்களை இனிமே பேயைக் காட்டிப் பயமுறுத்த முடியாதுப்பா, அவங்க பாக்காததா” என்று சொல்லி அடுத்த படத்தையே அவர் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றாய். மெத்தை விளம்பரம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னாய். கடைசியில், “அத்தான், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. தியேட்டருக்குப் போய்ப் பாத்துட்டு, பெரியவங்க பயப்படுறாங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை எழுதுங்க. இல்லன்னா நான் மெத்தைக்கே போயிடுறேன்” என்று என் தலையில் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாய். முப்பத்து நான்கு வருடம் எடை, அளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசின் நாக்கைச் சரிபார்த்தவன் நான். சொந்தக்காரன் என்பதற்காகக் கால் கிராம் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக் காட்சிக்குப் போனோம். நான், உன் அக்கா, கீழ்வீட்டுப் பல் டாக்டர். டாக்டரை ஏன் அழைத்துப் போனேன் என்றால், “சார், தினமும் இருபது பேர் என்னைப் பாத்து நடுங்குறாங்க, என்னைப் பயமுறுத்த இன்னொருத்தன் பிறந்து வரணும்” என்று அவர் மாடிப்படியில் நின்று அடிக்கடி மார்தட்டுவார். உன் அக்காவைப் பற்றி உனக்கே தெரியும். அறுவை சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தத்தைப் பார்த்தால் எங்கே கறை படியும் என்றுதான் யோசிப்பாள். ஆக, கல்நெஞ்சுக்காரர்கள் மூன்று பேர். அதோடு விட்டேனா? வாய்ச்சொல்லை நம்பும் பழக்கம் எனக்கு இல்லாததால், உன் அக்காவின் ரத்த அழுத்தக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டேன். பொத்தானை அழுத்தினால் பட்டை தானாகவே உப்பிக் கையைப் பிடித்து, கணக்கெடுத்து, எண்ணைக் காட்டும். வாசலில் பையைச் சோதித்த காவலாளி, “இது எதுக்கு சார்?” என்றார். “படம் பார்க்க” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

படம் தொடங்கியது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு புது வீடு. அவள் கொடியில் துணி காயப்போடுகிறாள். எடுக்கப் போனால் ஒரு துணி கூடுதலாக இருக்கிறது. யாருடையதும் இல்லாத ஒரு வெள்ளைச் சட்டை. சுள்ளென்று வெயில் அடித்து மற்றதெல்லாம் அப்பளமாகக் காய்ந்திருக்க, அது மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். தூக்கித் தெருவில் எறிந்தால் மறுநாள் அலமாரிக்குள் அழகாக மடித்து இருக்கிறது. தம்பி, உண்மையைச் சொல்கிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது? அந்தச் சட்டையின் கை மெல்ல மேலே எழுந்த இடத்தில் என் மடியிலிருந்த சோளப்பொரி வாளி முன்வரிசை வரைக்கும் பறந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் அது வாளியின் குறை. அடிப்பாகம் குறுகலாகவும் வாய் அகலமாகவும் செய்கிறார்கள், எப்படி நிற்கும்? அடுத்த இரண்டு நிமிடம் நான் நாற்காலிக்கு அடியில் இருந்ததும் வேறு காரணத்தால்தான். மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

“ஏங்க, கீழ என்ன பண்றீங்க?” என்றாள் உன் அக்கா.

“கண்ணாடியைத் தேடுறேன்.”

“அது உங்க மூக்குலதான் இருக்கு. மேல வாங்க.”

இந்தச் சமயத்தில் பல் டாக்டர் எழுந்து, “கிளினிக்ல கிருமி நீக்குற பெட்டியை அணைக்க மறந்துட்டேன்னு நினைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது நான் கருவியை மாட்டும் ஏற்பாட்டில் மும்முரமாக இருந்ததால், டாக்டர் போனதும் அவர் இடத்தில் தாமதமாக வந்த வேறொருவர் உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை. இருட்டு. பக்கத்துக் கைப்பிடியில் ஒரு கை இருந்தது. டாக்டர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துப் பட்டையைச் சுற்றினேன், ஒட்டினேன், அந்தக் கையும் மறுப்புச் சொல்லாமல் விறைத்துக்கொண்டு இருந்தது. திரையில் கதாநாயகி ஈரச் சட்டையின் கையைத் தொடுகிறாள். இங்கே நான் பொத்தானை அழுத்துகிறேன். பட்டை ‘விர்ர்’ என்று உப்பி அந்தக் கையை இறுக்கிப் பிடித்தது. “ஐயோ அம்மா! புடிச்சிருச்சு!” என்று ஒரு கதறல். நல்ல கனத்த ஆண்குரல். அதைக் கேட்டு முன்வரிசை அலறியது, முன்வரிசையைக் கேட்டு பால்கனி அலறியது, ஒரு பெரியவர் நெருப்பு என்று நினைத்து வெளியேறும் கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் வரிசையாகப் போகச் சொன்னார். டார்ச் அடித்துக்கொண்டு ஓடி வந்த தியேட்டர் ஊழியர் என் முகத்தில் வெளிச்சத்தைப் போட்டார். பக்கத்தில் மலை மாதிரி ஒரு மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீயணைப்புத் துறையில் இருக்கிறாராம். எரிகிற வீட்டுக்குள் ஏணி போட்டு இறங்குகிற ஆள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, “நான் பட்டையைச் சுத்துறப்பவே ஏன் சார் கேக்கல?” என்றேன்.

“யாரோ கையைத் தொடுறாங்கன்னு தெரிஞ்சுது சார். திரும்பிப் பாத்தா என்ன உக்காந்திருக்குமோன்னு பாக்கல” என்றார்.

இதை நான் கூச்ச சுபாவம் என்று குறித்துக்கொண்டேன். அவருடைய ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து. ஆனால் அவர் நம் சோதனையில் சேர்ந்தவர் இல்லை என்பதால் இந்த எண்ணை அடித்துவிட்டேன். அந்த அலறலும் கருவியைச் சேர்ந்தது, உன் படத்தின் கணக்கில் வராது.

இடைவேளையில் டாக்டரைத் தேடினேன். வெளியே நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, குளிர்பான விலைப்பட்டியலை மந்திரம் மாதிரி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வர மறுத்துவிட்டார். வெளிச்சம் கண்ணுக்கு நல்லதாம்.

இரண்டாம் பாதியில் ஒன்று நடந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அலமாரிக் கதவு தானாகத் திறக்கும் காட்சியில் உன் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பத்தாறு வருட இல்லறத்தில் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பயந்துவிட்டாளோ, பாவம் என்று நினைத்து ஆறுதலாக என் இன்னொரு கையை அவள் கைமேல் வைத்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே, “நூத்தி முப்பத்தாறு. நாடி ரொம்ப வேகமா அடிக்குது. மூச்சை இழுத்து விடுங்க” என்றாள். படம் முடியும்வரை விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள். தொழில் பக்தி என்றால் இதுதான்.

சரி, படத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை நானே துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். என் பேன்ட் இரண்டு, சட்டை மூன்று, உன் அக்காவின் நைட்டி ஒன்று, துண்டு ஒன்று. ஆக ஏழு. மூன்று மணிக்கு எடுக்கப் போனேன். பட்டப்பகல், கொளுத்தும் வெயில். பழக்கதோஷத்தில் எண்ணினேன். எட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். எட்டுதான். கிழக்குக் கோடியில், வெள்ளையாக, நீளக் கையோடு, சொட்டிக்கொண்டு ஒன்று. அந்த நேரம் பார்த்து அடுப்பை அணைத்தேனா என்ற முக்கியமான சந்தேகம் எனக்கு வந்துவிட்டதால் உடனே கீழே இறங்கினேன். நாற்பத்திரண்டு படி. ஒரு செருப்பு மேலேயே இருக்கிறது.

“ஏங்க, துணி எங்க?” என்றாள் உன் அக்கா.

“இன்னும் காயல.”

“இந்த வெயில்லயா?”

“ஒண்ணு காயல” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்து கதவைத் தட்டினார். “சார், ஒரு சின்ன விஷயம். என் வெள்ளைக் கோட்டை நேத்து மத்தியானம் மேல காயப்போட்டேன், எடுக்க மறந்துட்டேன்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கிழக்குக் கோடியிலயா?” என்றேன். ஆமாம் என்றார். “அட, அதுதானா அந்த எட்டாவது துணி!” என்று விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

“எட்டாவதா? என்ன எட்டாவது?”

“ஏழு போட்டேன், எட்டு இருந்துது. அவ்வளவுதான். அது உங்க கோட்டு.”

“என் கோட்டுதான்.”

“சந்தேகமே இல்ல. போய் எடுத்துக்குங்க.”

“நீங்க உங்க துணியை எடுக்கப் போவீங்க இல்ல, அப்ப அப்படியே என்னோடதையும்...”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே.”

“எனக்கும் இல்ல சார்.”

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று. மாடிக் கதவை முழுக்கக்கூடத் திறக்கவில்லை, காற்று அடித்தது, அந்தக் கோட்டின் கை எழுந்து எங்களைப் பார்த்து வா என்றது. டாக்டருக்கு வயது அறுபத்திரண்டு. படியில் என்னை முந்திக்கொண்டு போனார். அன்று மாலை மழை பெய்து எல்லாத் துணியும் நனைந்தது. இனி எது காயாதது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இரண்டு நாளாக டாக்டர் அரைக்கைச் சட்டையோடு பல் பிடுங்குகிறார். வருகிறவர்கள் அவரிடமே “டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டு, வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார்களாம். மாற்றிக் கட்ட வேறு துணி இல்லாததால், நான் சன்னல் திரையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். எதிர்வீட்டார் பார்ப்பதால் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை உன் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கோட்டைப் பாத்து ஓடி வர்றீங்க. வெக்கமா இல்ல?” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனாள். இரண்டே நிமிடத்தில் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். “எட்டுதான் இருக்கு. ஒண்ணு டாக்டர் கோட்டு. எனக்கு முழங்கால் வலி, தூக்கிட்டு வர முடியல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள். பார்த்தாயா? கணக்கு சரியாகிவிட்டது.

ஆகவே தம்பி, கேட்டாய், சொல்லிவிட்டேன். நான் பயப்படவில்லை, உன் அக்கா பயப்படவில்லை, டாக்டருக்கு வெளிச்சம் தேவைப்பட்டது, தீயணைப்புக்காரர் கூச்ச சுபாவம். தயாரிப்பாளர் சொன்னதுதான் சரி. பெரியவர்களைப் பேய்ப்படம் இனிப் பயமுறுத்தாது. மனதைத் தேற்றிக்கொண்டு மெத்தை விளம்பரத்துக்கு ஒத்துக்கொள். மெத்தை நல்ல பொருள். அதைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள். தொழில் மாறினாலும் நீ நீண்ட ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி இதை என்கிட்ட கொடுத்துட்டு உன் அத்தான் குளிக்கப் போயிருக்கார். கதவுக்கு வெளியே நின்னு சத்தமாப் பாடச் சொல்லியிருக்கார். பாடிக்கிட்டேதான் எழுதுறேன். மெத்தைக்கெல்லாம் போகாதே. தியேட்டர்ல நான் நாடி பாக்கல. கடிகாரத்தை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன், இருட்டுல எதை வச்சு எண்ணுறது? வாயில வந்த நம்பரைச் சொன்னேன். அப்புறம் இன்னொண்ணு. மேல எட்டுன்னு நான் சொன்னது பொய். ஒன்பது இருக்கு. டாக்டர்கிட்ட ஒரே ஒரு கோட்டுதான். நீ எடுத்த படம், நீயே வந்து துணியை இறக்கிக் கொடுத்துட்டுப் போ. தனியா வராதே.