தென்மேற்கு மூலை கையகப்படுத்தப்பட்ட வரலாறு

"அந்த மூலைய மட்டும் விட்டுடு வெர்லின், அது..."

"அந்த மூலை இல்லாம ரயில் எங்க திரும்பும்? நீயே..."

"திரும்பவே வேணாம்! நேராப் போய்ச் சுவத்துல..."

"முட்டட்டுங்கறியா? பெட்டி பெட்டியா கோதுமை, ஆர்டிஸ்!"

"இன்னும் ஒரு பெட்டிகூட வாங்கலியேய்யா நீ!"

மனித குலத்தின் மாபெரும் பணிகள் என்று கால்வாய்களையும் அணைகளையும் புகழ்கிறார்கள். கான்சஸ் மாநிலத்தில் வெர்லின் உன்ரூ தம் வீட்டு நிலவறையை ரயிலுக்காகத் தயார்செய்த பணியை அந்த வரிசையில் சேர்க்காமல் விட்டது வரலாற்றாசிரியர்களின் கவனக்குறைவு. 'பொம்மை ரயில்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவருக்குப் பிடிக்காது. 'மாதிரி ரயில்வே'.

ஓய்வு பெறும்வரை அவருக்குச் சாலைத் துறையில் உத்தியோகம். சாலைக்காக விவசாயிகளிடம் நிலம் எடுப்பது வேலை. அழுகிறவர்களுக்குக் காப்பி கொடுத்துக் கையெழுத்து வாங்குவதில் அவருக்கு இணை கிடையாது. அந்த அனுபவம் முழுவதும் இப்போது வீட்டுக்குப் பயன்பட்டது. நிலவறையிலிருந்த துணி துவைக்கும் எந்திரத்துக்குச் சமையலறையில் 'மறுவாழ்வு' கிடைத்தது. பாதி மாட்டின் கறி அடங்கிய உறைபெட்டி கார் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. மனைவி ஆர்டிஸ் போட்டுவைத்த பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள் கட்டிலுக்கடியில் தஞ்சம் புகுந்தன. வளர்ச்சி என்றால் சும்மாவா?

பிறகு சுவர்களில் ஈரம் கசியாத பூச்சு, தூசி உதிராத கூரை. அதன்பின் வானம். வானத்துக்கு மூலை இருக்கக் கூடாது என்று சுவர் மூலைகளில் பலகையை வளைத்து அடித்து, ஒரு மேகமும் இல்லாமல் நீலம் பூசினார். கடவுளே பார்த்தாலும் பொறாமைப்படும் நீலம்.

எஞ்சியது தென்மேற்கு மூலை. அங்கே ஆர்டிஸின் நாற்காலி ஒன்று, தண்ணீர் கேன், ரேடியோ, பழைய மெத்தைப் போர்வை. சுழல்காற்று வருகிறதென்று ஊர்ச் சங்கு ஊதினால் அவள் போய் உட்காரும் இடம். ஒன்பது வயதில் அப்படியொரு மூலையிலிருந்துதான் அவளை வெளியே தூக்கினார்கள். மேலே வீடு இருந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வெர்லின் சர்வாதிகாரி அல்ல. முறைப்படி 'பொதுமக்கள் கருத்துக் கேட்பு' சமையலறையில் நடந்தது. நிர்வாகக் குழு உறுப்பினர்களான நண்பர்கள் டுவேனும் கிளீட்டஸும் கோடு போட்ட ரயில்காரத் தொப்பியோடு வந்திருந்தார்கள். பொதுமக்களான ஆர்டிஸ், மாட்டுக்கறிச் சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் பரிமாறினாள்.

"பாதிக்கப்பட்டவங்க கருத்துச் சொல்லலாம்," என்றார் டுவேன்.

"சுழல்காத்து வந்தா நான் எங்க போறது?"

"கருத்து பதிவாயிடுச்சு. கிளீட்டஸ், அந்த ரோலை இந்தப் பக்கம் தள்ளு."

"நான் கேள்வில்ல கேட்டேன், டுவேன்!"

"கேள்வியும் பதிவாயிடுச்சு."

வெர்லின் பரிவோடு குறுக்கிட்டார். "மாற்று இடம் தராம எடுப்பமா? ரயில் ஓடப்போற மேசைக்கு அடியில தாராளமா இடம் இருக்கு. குனிஞ்சு தவழ்ந்து போகணும், அவ்வளவுதான்."

"என் முழங்கால் மடங்காதுன்னு உனக்குத் தெரியாது?"

"அதுக்குத்தான் தலகாணி தர்றோம்ல!"

ஒன்றுக்கு மூன்று வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது. சமையலுக்கு நன்றி மட்டும் ஒருமனதாக.

வசந்தம் முழுக்க அந்த மூலையில் வெர்லின் ஒரு ஊரையே எழுப்பினார். நீதிமன்றம், தேவாலயம், தானியக் கிடங்கு, இடுக்கியால் ஒவ்வொன்றாக நிறுத்திய நகத்தளவு மனிதர்கள். மே மாதத்தில் ஒரு மாலை, முதல் தண்டவாளம் பதிக்கும் விழாவுக்குக் குழு கூடியது. நிலவறையில் வானம் மாசில்லாத நீலம். வெளியே வானம் பாசிப் பச்சை.

சங்கு ஊதியது. கான்சஸ் ஆண்களின் மரபுப்படி மூவரும் வேடிக்கை பார்க்க முற்றத்துக்குப் போனார்கள்.

"நம்ம பக்கம் வராது," என்றார் டுவேன், ஆராய்ச்சியாளர்போல.

கிளீட்டஸின் தொப்பி பறந்தது. "வருது," என்றார் கிளீட்டஸ்.

மூவரும் ஆர்டிஸை முந்திக்கொண்டு இறங்கினார்கள். நிர்வாகக் குழு 'மாற்று இடத்தில்' புகுந்து ஆளுக்கொரு மேசைக்காலைக் கட்டிக்கொண்டது. தலையணை கிளீட்டஸுக்குக் கிடைத்தது. வெர்லின் தம் ஊரின்மேல் குப்புறக் கவிழ்ந்து, தம் உடம்பையே கூரையாக்கினார். இத்தகைய தியாகத்தை எந்த மேயரும் செய்ததில்லை. விளக்கு அணைந்தது.

ஆர்டிஸ் கடைசிப் படியில், கையில் டார்ச்சுடன்.

"உள்ள வா ஆர்டிஸ்!"

"எங்க வர்றது?"

"குனி!"

குனிய முடியவில்லை. டார்ச் வெளிச்சம் வெர்லினின் கைக்கு அடியில், நீதிமன்றத்தின் பக்கவாட்டில் விழுந்தது.

"அதென்னது வெர்லின், அந்தச் சின்னக் கதவு?"

அந்த இரைச்சலிலும் அவர் குரலில் பெருமை தாங்கவில்லை. "பாதுகாப்பு அறை! காத்தடிச்சா ஊர் சனம் மொத்தமும் எறங்கிக்கலாம். கால் முடியாதவங்க பிடிச்சு எறங்கப் படியோரமாக் கம்பிகூட வச்சிருக்கேன், பாத்தியா?"

மேலே கூரையில் பெரிதாக ஏதோ பிய்ந்துபோகும் சத்தம் கேட்டது.

"பாத்தேன்," என்றாள் ஆர்டிஸ். "அந்த ஊர்ல குடியேறணும்னா, கட்டின பொண்டாட்டி யார்கிட்டய்யா மனு குடுக்கணும்?"