அமரர் பவளம்மாவின் கையெழுத்து

உயிரோடு இருந்த ஒருவரை நான் சாகடித்திருக்கிறேன். அதுவும் வழுவழுப்பான தாளில், இருநூறு பிரதிகள் அச்சடித்து.

அப்போது கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியையாக இருந்தேன். பாட்டுக் கட்டிய, மறக்கப்பட்ட பெண்களை உலகுக்கு மீட்டுத் தருவது என் பிறவிக்கடன் என்று நினைப்பு. (உலகம் கேட்கவில்லை.) மாணவி ஒருத்தியின் தாய், இடம்பெயர்ந்த போதெல்லாம் பையோடு தூக்கித் திரிந்த ஒரு கொப்பியைத் தந்தார். அதில் பவளம்மா என்பவர் வரியும் மெட்டும் தானே கட்டிய நாற்று நடுகைப் பாட்டு, சுரங்களோடு இருந்தது.

அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டைக்குப் பிறகு, ஒருவரைப் பற்றிக் கதை இல்லையென்றால் ஆள் இல்லை என்றே எங்கள் பக்கத்தில் எடுத்துக்கொள்வோம். துருவி விசாரிக்க எல்லோருக்கும் பயம். நானும் விசாரிக்கவில்லை. பாடசாலை விழாவில் அந்தப் பாட்டைப் பாடவைக்க முடிவெடுத்து, விழா அழைப்பிதழில் 'அமரர் பவளம்மா' என்று போட்டுவிட்டு, அமரரின் பாட்டாயிற்றே என்று பிள்ளைகளை இழுத்து இழுத்துப் பாடப் பழக்கினேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது விழாக் குழு ஒரு படிவத்தை நீட்டியது. பாட்டைப் பதிவு செய்வதென்றால் உரிமையாளரோ வாரிசோ கையெழுத்திட வேண்டும், இல்லையேல் பாட்டு இல்லை. பிள்ளைகளின் முகம் தொங்கிப் போயிற்று. அவருடைய வீடு அக்கராயனில் என்று எப்படியோ அறிந்து, வாரிசு யாராவது இருப்பார்கள் என்று வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

முற்றத்தில் ஒரு அம்மா நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார்.

"இது பவளம்மாவின்ர வீடோ?"

"ஓம். இருங்கோ."

நான் இருக்கவில்லை. அவாவின் மறைவு இசைக்கே பேரிழப்பு என்று தொடங்கி, இடையில் கண்ணையும் துடைத்து, ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் அழைப்பிதழை வாங்கி ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"பிள்ளை, நான் எப்ப செத்தனான்?"

கணவர் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். (கல்யாணமான நாளிலிருந்து அதைத் துடைத்தவரல்ல.)

பவளம்மா பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன்.

"இந்த வேகத்தில நட்டா நாத்து முத்திப் போயிடும்" என்று சொல்லித் தானே பாடினார். கை காற்றில் நட்டுக்கொண்டே போனது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னோட நட்ட ஒருத்தியும் இப்ப இல்லை. அதுதான் பாடிறேல்லை."

எனக்கு அப்போதுதான் உண்மையான அழுகை வந்தது.

"படிவத்தைத் தாங்கோ" என்றார். முத்து முத்தான எழுத்தில் கையெழுத்திட்டார்: அமரர் பவளம்மா.

"அம்மா, இது..."

"அழைப்பிதழும் படிவமும் ஒத்துவர வேண்டாமோ?"

குழுவில் யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் அவருடைய வேகத்தில் பாடினார்கள். அமரர் முன்வரிசைக் கதிரையில் இருந்து தாளம் போட்டார்.

இப்போதும் ஞாயிறுதோறும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "உம்மட அமரர் கதைக்கிறா" என்று கணவர் கொண்டுவந்து தருவார். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவருடைய அழைப்பு வராத ஞாயிறுகளில் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பகிடியைச் சொல்வதில்லை.