அங்கவடித் தகடும் மைத்துனர் லெஸ்லியும்

மரியாதைக்குரிய மைத்துனர் லெஸ்லி அவர்களுக்கு, தங்கை கணவன் ஆர்ச்சிபால்ட் எழுதுவது. இங்கு நானும் மாவிஸும் சுகம். இதைப் படித்து முடிக்கும்வரை தாங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸிலிருந்து நமக்குள் பேச்சில்லாததால் கடிதம்.

"பதினோரு வருஷமா அந்த உலோகம் தேடுற கருவியத் தூக்கிட்டு அலையுறீங்களே மாப்ள, டிராக்டர் நட்டு போல்ட்டத் தவிர என்னத்தக் கண்டீங்க?" என்று வான்கோழி வெட்டிக்கொண்டே பதினான்கு பேர் முன்னால் கேட்டீர்கள். இதோ பதில். போன ஞாயிறு, உங்கள் பண்ணையை ஒட்டிய ஹொராஸின் உழுத வயலில், கண் தெரியாத மழையில் நடந்தேன். கருவி கத்தியது, தோண்டினேன், சேற்றில் ஒரு பூட்ஸ் போனது, அதை இழுக்கப்போய் நானும் விழுந்தேன், கையில் வந்ததோ கட்டைவிரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. வழக்கமான டிராக்டர் சனியன் என்று குப்பைப் பையில் போட்டுவிட்டேன். வீட்டில் மாவிஸ்தான் அதைக் குழாயடியில் கழுவிப் பார்த்து, "என்னங்க, இதுல ஒரு மூஞ்சி முறைக்குது, அசப்புல எங்க அண்ணன் மாதிரியே இருக்கு" என்றாள்.

அருங்காட்சியகத்தில் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் பெத்தனி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "சார், இது ஆயிரம் வருஷப் பழசு. குதிரைக்காரன் கால் வைக்கிற அங்கவடிய வாரோட பிணைக்கிற தகடு. சிங்க மொகம் இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க விரும்பவில்லை. எங்கள் உலோகம் தேடுவோர் சங்கத்தின் இவ்வாண்டுக் கோப்பை எனக்கே என்று ஒருமனதாக முடிவாகி, சனிக்கிழமை விழா. முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். வந்து வாய் பிளந்து உட்காரலாம்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற ஆர்ச்சிபால்ட்

பி.கு.: பெத்தனி இப்போதுதான் போன் செய்தாள். நான் கருவியில் குறித்த இடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தாளாம். மழையில் எல்லை வாய்க்காலைத் தாண்டியிருக்கிறேன். தோண்டியது உங்கள் நிலம். "என் மண்ணுல கருவியோட எவனும் கால் வைக்கக் கூடாது" என்று நீங்கள் பலகை மாட்டியிருப்பது தெரியும், மன்னிக்கவும். நில உரிமையாளர் சம்மதிக்காமல் பதிவும் இல்லை, கோப்பையும் இல்லை. வேறு கடிதம் எழுத நேரமில்லை. மச்சான், மேலே உள்ளதைப் படிக்காமல், இணைத்துள்ள படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கோப்பையில் நில உரிமையாளர் பெயரும் பொறிப்பார்களாம். உங்கள் பெயரை மேலே போடச் சொல்லிவிட்டேன்.